அன்றே எழுதியதாக

எட்டும் ஏழும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன.
அவ்வளவுதான்.
நீதிபதி சொன்னது எண்பத்தேழு.
நான் அடித்தது எழுபத்தெட்டு.
அன்று பிற்பகல் மட்டும் பதினோரு வழக்கு,
கோர்ட்டுக்கு வெளியே புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல்.
காரணம் தேடுகிறேன் என்று நினைக்காதீர்கள்.
தேடத்தான் செய்கிறேன்.

லேலண்ட் வெர்ட்ஸ்.
வடக்கு டக்கோட்டாவின் வயல் பம்புகளில்
செம்புக் கம்பி உரித்து விற்றவன்.
பதினான்கு மாதம்,
தீர்ப்புக்கு முன்பே உள்ளே கிடந்த நாட்களைக் கழித்து.
கம்பி திருடிக் கம்பி எண்ணப் போனவன்
எண்ணிக்கையில் என்னைவிடக் கெட்டி.

ஏப்ரல் ஒன்பதாம் தேதியிட்ட கடிதம், பென்சிலில்:
"மேடம், மார்ச் மூன்றாம் தேதி என்னைப் பிடித்தார்கள்.
மார்ச்சில் இருபத்தொன்பது.
ஏப்ரலில் முப்பது.
மே மாதத்தில், நீங்கள் தட்டச்சு செய்த நாளையும் சேர்த்து,
இருபத்தெட்டு.
கூட்டிப் பாருங்கள்."
கூட்டினேன். கால்குலேட்டரில் இன்னொரு முறை.
பிறகு விரல்விட்டு.

கீழே ஒரு வரி, பென்சில் சற்று அழுந்தி:
"பதினான்கு மாதம் அதிகம் என்பதையும்
அவரிடம் சொல்லுங்கள்."

நீதிபதி ஸ்டென்ஸ்ரூட் கடிதத்தை நின்றபடியே படித்தார்.
"கை தவறினால் நான் திருத்தலாம்.
மனம் தவறினால் மேலே வேறு கோர்ட் இருக்கிறது."
தவறியதா என்று நான் கேட்கவில்லை.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அதில் அழுக்கு இல்லை.

திருத்தம் ஒரு நொடி வேலை.
அதற்கு முன்னே
சிறைத் தபாலில் நான்கு நாள்,
அபராத பாக்கிக் கடிதங்களோடு கலந்து
எங்கள் டிராயரில் ஒரு வாரம்
(அந்த டிராயரும் என்னுடையதுதான்),
"ஆட்சேபணை இல்லை" என்ற இரண்டு சொல்லை எழுத
அரசு வக்கீலுக்கு இரண்டு வாரம்.
மே இரண்டில் வெளியே வந்திருக்க வேண்டியவனுக்கு
மே ஏழில் கையெழுத்து.

ஆணையின் வாசகத்தை நானே அடித்தேன்:
சென்ற ஆண்டு மே இருபத்தெட்டாம் தேதியன்றே
எண்பத்தேழு என்று எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும்.
ஆக, நான் பிழையே செய்யவில்லை.
சட்டம் என் விரல்களைப் பின்னோக்கிக் கொண்டுபோய்ச்
சரியான எழுத்தின் மேல் வைத்துவிட்டது.
ஆக, லேலண்ட் வெர்ட்ஸ்
ஐந்து நாட்களுக்கு முன்பே வாசல் தாண்டிவிட்டான்;
சர்க்கரைக் கிழங்கு விதைக்கும் வயலோரம்
சட்டைப் பொத்தான் போடாமல் நடக்கிறான்;
அவனுக்கென்று ஒருவர் டிராக்டரில்
இருக்கையைக்கூடத் துடைத்து வைத்திருக்கலாம்.
காகிதத்தில் நடக்கிறவனுக்குப் பசிக்காது.
அதே நேரம் அவனுடைய உடம்பு
காலை ஐந்தரைக்குத் தலை எண்ண
வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

காகிதத்தில் ஒன்பது நாள் திரும்பக் கொடுத்தோம்.
ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது நான்கு.

ஜூனில் கவுன்டருக்கு வந்தான்.
நான் நினைத்ததைவிடக் குள்ளம், காது ஓரம் வெயில் உரிந்திருந்தது.
ஆணையின் சான்றிட்ட நகல் வேண்டும்.
பத்து டாலர் என்றேன்.
வாங்காமல் விட்டிருக்கலாம்; விடவில்லை.
ரசீது நீட்டினேன்.
தாளில் எண்பத்தேழைத் தேடி
கட்டைவிரலால் ஒருமுறை தடவினான், மை ஈரமா என்பதுபோல.
"இதை அடித்தது யார்?"
நான்தான் என்றேன்.
"முன்னதை?"

வரிசையில் அவனுக்குப் பின்னால் இரண்டு பேர்.
ஒருத்தி கையில் நாய் லைசென்ஸ் விண்ணப்பம்.

அதையும் நான்தான் என்றேன்.
தலையாட்டினான். மன்னித்தான் என்று சொல்ல முடியாது.
ஒரு கணக்கு நேரான மாதிரி ஆட்டினான்,
நகலை நான்காக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு போனான்.

இப்போதெல்லாம் எண்களை வாய்விட்டுப் படிக்கிறேன்.
எட்டு. ஏழு.
பக்கத்து மேஜை ஆர்டிஸ்
ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொள்கிறாள்.